‘நல்லா இருக்கு’ என்பது திறனாய்வு ஆகுமா?

திங்கட்கிழமை காலையில், முதல் மணி அடிப்பதற்கு முன், ஆசிரியர் அறையில் நடைபெறும் பேச்சை நம்மில் அறியாதார் இல்லை.

“சனிக்கிழமை அந்தப் படத்துக்குப் போனோம்.”

“எப்படி?”

“நல்லா இருக்கு.”

“நாங்கள் வீட்டிலேயே பார்த்தோம். ஒரே இழுவை.”

“ஒரு தடவை பார்க்கலாம்.”

மணி அடிக்கின்றது, பேச்சும் முடிகின்றது. பலர் கூடிப் பல மாதம் உழைத்த ஒரு படைப்புக்கு இரண்டு மூன்று சொற்களில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வகுப்புக்குள் சென்றால் மாணவரும் அதே படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் சொற்கள் வேறு: ‘செம்ம’ என்பான் ஒருவன்; ‘மொக்கை’ என்பான் மற்றொருவன். சொற்கள் வேறுபட்டாலும் ஆசிரியரின் தீர்ப்புக்கும் மாணவனின் தீர்ப்புக்கும் நீளத்தில் வேற்றுமை இல்லை.

இப்பேச்சைக் கற்றோர் பலர் இகழ்வர். திரைப்படமே பொழுதுபோக்கு, அதைப் பற்றிய பேச்சு வெறும் அரட்டை, அதனைத் திறனாய்வோடு சேர்த்துப் பேசுதல் தகாது என்பது அவர்கள் கருத்து. நான் அவ்வாறு கருதவில்லை. நம் நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் யாருடைய தூண்டுதலும் இன்றி, மதிப்பெண்ணுக்காக அன்றி, தாமே விரும்பித் தமிழில் வாதாடும் இடங்கள் இன்று மிகச் சில. பள்ளிக்கு வெளியே பலருக்கு வாழ்க்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றது. படம் பார்த்து வந்த மறுநாள் மட்டும் அவர்கள் தமிழிலேயே உடன்படுகின்றனர், தமிழிலேயே மறுக்கின்றனர். அந்த வாதம் இரண்டு சொல்லோடு நின்றுவிடுமாயின், கருத்தை வெளியிடும் அவர்களது தமிழும் இரண்டு சொல்லோடு நின்றுவிடும். ஆதலின் இஃது இகழ்ந்து ஒதுக்கத்தக்க செய்தி அன்று; எடுத்து வளர்க்கத்தக்க செய்தி.

கூடிப் பேசியே சுவை வளர்த்த மரபு நமக்குப் புதியதன்று. திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’யை நினைவுகூர்க. அங்கே மேடை இல்லை, தலைமையுரை இல்லை. நண்பர்கள் அமர்ந்து ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைத்தனர். நம் நாட்டிலும் அத்தகைய முயற்சிகள் நடந்ததுண்டு. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன ‘தமிழ் நேச’னில், 1950-ஆம் ஆண்டளவில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். 1952-இல் அந்த ஏட்டுக்குப் பணியாற்றக் கோலாலம்பூர் வந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கு இருந்த காலத்தில் இலக்கிய வட்டம் கூட்டி, உள்ளூர் எழுத்தாளரோடு கதைகளைப் பற்றிப் பேசினார். அவையெல்லாம் பேச்சாகவே தொடங்கின. ஆனால், பேச்சு அரட்டையாக நின்றுவிடாதபடி காத்தது ஒன்று உண்டு. “நன்றாக இருக்கின்றது” என்று ஒருவர் சொன்னால், “எந்த இடத்தில்?” என்று மற்றொருவர் கேட்பார். அந்தக் கேள்விதான் அரட்டைக்கும் ஆய்வுக்கும் இடையே நிற்கும் வாயிற்படி.

இக்கேள்வியின் வேரைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலேயே காணலாம். மெய்ப்பாடு எட்டு என்று கூறுவதோடு ஆசிரியர் அமைதி கொள்ளவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்று வகுத்து, முப்பத்திரண்டு நிலைக்களன்களை எண்ணிக் காட்டினார். அழுகையை எடுத்துக்கொள்வோம். பிறரால் இகழப்படுதலாலும் அழுகை பிறக்கும், உரியதை இழத்தலாலும் பிறக்கும், பழைய நிலையினின்றும் தாழ்தலாலும் பிறக்கும், வறுமையாலும் பிறக்கும். கண்ணீர் ஒன்றே, அது ஊறும் இடம் நான்கு. “படம் பார்த்து அழுதுவிட்டேன்” என்று ஒருவர் கூறுமிடத்து நாம் அறிய வேண்டுவது, அந்த அழுகை நான்கனுள் எதன்பாற் பட்டது என்பதே. அழுதேன் என்பது செய்தி. இன்னது கண்டு, இன்னதனால் அழுதேன் என்பது திறனாய்வின் முதல் வரி.

இதனைச் சில படங்களில் வைத்துப் பார்ப்போம். முதலில், 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ‘மெய்யழகன்’. ச. பிரேம்குமார் இயக்கியது; அரவிந்த்சாமியும் கார்த்தியும் நடித்தது. தஞ்சாவூரில் தலைமுறையாக வாழ்ந்த வீட்டை 1996-இல் இழந்து, குடும்பத்தோடு ஊரைவிட்டுச் சென்ற அருள்மொழி, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, தங்கை முறையாகும் பெண்ணின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகின்றான். வந்த முகத்தைக் காட்டிவிட்டு இரவோடு இரவாகத் திரும்பிவிடுவதே அவன் எண்ணம். அங்கே ஓர் இளைஞன் அவனை ‘அத்தான்’ என்று அழைத்து ஒட்டிக்கொள்கின்றான், அன்பைப் பொழிகின்றான். அவன் யார், பெயர் என்ன என்பது அருள்மொழிக்கு நினைவு வரவில்லை, கேட்கவும் நாணம். பேருந்து தவறுகின்றது, இரவு முழுதும் இருவரும் பேசுகின்றனர். கதை அவ்வளவே.

இப்படத்தைப் பற்றி நான் கேட்ட கருத்துகள் இரண்டே. ஒன்று, “அழ வைத்துவிட்டது”, மற்றொன்று, “இழுவை”. முன்னதைச் சொன்னவரிடம் எந்த இடத்தில் என்று கேட்டேன். மணமேடையில் தங்கைக்கு அணிகலன் பூட்டும் இடத்தில் என்றார். அது பிரிவுக்குப் பின் கூடிய உறவின் கண்ணீர், எளிதில் விளங்குவது. வேறொருவர், சைக்கிளின் கதை வருமிடத்தில் என்றார். அருள்மொழியின் குடும்பம் போகும்போது விட்டுச்சென்ற சைக்கிள் ஒன்றே அந்த இளைஞனின் குடும்பம் தலையெடுக்க உதவியது என்று அப்பொழுது தெரிகின்றது. தான் இழந்தவற்றையே எண்ணி இத்தனை ஆண்டு கசந்திருந்தவன், தான் அறியாமலே ஒருவனுக்கு வாழ்வு கொடுத்திருக்கின்றான். அவனுடைய பெயர்கூடத் தனக்கு நினைவில்லை. இங்கே அழுகையோடு, தன்னைத் தானே இகழும் இளிவரலும் கலந்துவிடுகின்றது. அதனால்தான் அவன் சொல்லாமல் கொள்ளாமல் விடியுமுன் புறப்பட்டுவிடுகின்றான். முதல் கண்ணீர் நம்மைக் கதையோடு சேர்க்கின்றது. இரண்டாவது கண்ணீர் நம்மையே நாம் கேட்டுக்கொள்ளச் செய்கின்றது. இரண்டையும் “அழ வைத்துவிட்டது” என்ற ஒரே சொல்லில் அடைத்தால், படத்தின் சிறந்த பகுதி எது என்பது மறைந்துபோகின்றது.

இனி, ‘இழுவை’ என்ற தீர்ப்பைப் பார்ப்போம். அது வாய்ச்சொல்லாக மட்டும் நிற்கவில்லை. படம் வெளியான சில நாட்களிலேயே, நீளம் பற்றிய முறையீடு மிகுந்து, ஏறக்குறைய பதினெட்டு நிமிடங்கள் வெட்டப்பட்டன. படம் பார்த்து வந்தோர் போகிறபோக்கில் சொல்லும் கருத்துக்குக் கத்தரியின் வலிமை உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அந்தத் தீர்ப்பு சரியா என்றால், பாதி சரி என்பேன். இருவரின் உறவை விட்டு, பேச்சு வெளியுலகச் செய்திகளுக்குத் தாவும் இடங்களில் படம் தளர்கின்றது. ஆனால், இரவுப் பேச்சின் மெதுவான ஓட்டம் அவ்வாறன்று. ஓடிப்போக நினைப்பவன் ஒருவனை ஓரிடத்தில் உட்கார வைத்து, அவன் உள்ளத்தின் பூட்டை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அதற்கு ஓர் இரவு வேண்டும். விரைந்து திறந்திருந்தால் அவன் கண்ணீரை நாம் நம்பியிருக்க மாட்டோம். தளர்ச்சி வேறு, நிதானம் வேறு. இரண்டனையும் ‘இழுவை’ என்றே அழைக்கும் நாவுக்கு அந்த வேற்றுமையைச் சொல்லச் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் கத்தரி வேலை செய்கின்றது.

அடுத்து, என் பிழை ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கின்றேன். பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’யும் 2024-ஆம் ஆண்டின் படமே. அதனை நான் வீட்டில் பார்த்தேன். மேலே மின்விசிறி, வெளியே தகரக் கூரையில் மழை, அருகில் கைப்பேசி. படத்தில் பின்னணி இசை என்பது அறவே இல்லை. ஓர் ஆட்டோவும் சில மோட்டார் சைக்கிள்களும் போய்க்கொண்டே இருந்தன. மறுநாள் ஆசிரியர் அறையில், “ஒன்றுமே இல்லை; வண்டி போகின்றது, போகின்றது, முடிவும் இல்லை” என்று சொல்லிவிட்டேன். இளைய ஆசிரியை ஒருவர் சில வாரம் கழித்து வந்து, “ஐயா, நீங்கள் சொன்னதைக் கேட்டு நான் பார்க்காமலே இருந்துவிட்டேன். நேற்றுத்தான் பார்த்தேன். அந்தப் பாட்டு வருகிற இடத்தைக் கவனித்தீர்களா?” என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை. அந்நேரம் அடுப்படியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பதை எப்படிச் சொல்வேன்!

அன்றிரவு விசிறியை நிறுத்தி, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு மீண்டும் பார்த்தேன். மீனா என்னும் பெண் வேறு சாதி இளைஞன் ஒருவனை விரும்புகின்றாள். அவளை மணக்க முறையுள்ளவன் பாண்டி. அவளுக்குப் பேய் பிடித்திருக்கின்றது என்று முடிவு செய்து, இரு குடும்பமும் கூடி, பேயோட்டும் ஒருவரிடம் அவளை அழைத்துச் செல்கின்றது. அவள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பாண்டியோ தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு பூசி, கரகரத்த குரலில் கத்துகின்றான். வழியில் எங்கிருந்தோ ஒரு திரைப்பாட்டு ஒலிக்கின்றது; மீனா தன்னை மறந்து வாய்க்குள் அதை முணுமுணுக்கின்றாள். அதைக் கண்ட பாண்டி வெறிகொண்டு அவளை அடிக்கின்றான். தடுக்க வந்த பெண்களையும் அடிக்கின்றான். பின்னணி இசையே இல்லாத படத்தில் பாட்டு ஒலிக்கும் இடம், ஒரு பெண் அடிபடும் இடம். இசையை இயக்குநர் ஏன் விலக்கி வைத்தார் என்பதற்கு அந்த ஓரிடமே விடை சொல்லிவிடுகின்றது. மற்றோரிடத்தில் ஒரு காளை வழியை மறித்து நிற்கின்றது. ஆடவர் பலர் செய்வதறியாது நிற்க, ஒரு சிறுமி வந்து அதை எளிதாக அழைத்துப் போய்விடுகின்றாள். இதையும் நான் முதன்முறை பார்த்தேன், பார்த்தும் காணவில்லை.

இரண்டாம் முறை பார்த்தபொழுது என் நெஞ்சில் எழுந்தது நாம் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் குறிஞ்சித் திணை. தலைவி காதலால் மெலிகின்றாள். காரணம் அறியாத தாய், முருகு அணங்கியது என்று எண்ணிக் கட்டுவிச்சியைக் கேட்கின்றாள், வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கின்றாள், ஆட்டுக்குட்டியைப் பலியிடுகின்றாள். ‘கொட்டுக்காளி’ இருபத்தோராம் நூற்றாண்டின் வெறியாட்டு. ஆட்டுக்குட்டிக்குப் பதிலாகச் சேவல். வேலனுக்குப் பதிலாகப் பேயோட்டுபவர். ஆனால், வேற்றுமையே இங்கு முதன்மை. சங்கப் பாட்டில் தாய் அறியாமையால் வெறியாட்டு எடுக்கின்றாள். உண்மை தெரிந்தால் நிறுத்திவிடுவாள் என்ற நம்பிக்கை உண்டு. அந்த உண்மையைச் சொல்லத் தோழி ஒருத்தி இருக்கின்றாள். அவள் அறத்தொடு நிற்கின்றாள். இப்படத்திலோ குடும்பம் முழுதும் உண்மையை அறியும். அறிந்தே அதற்குப் பேய் என்று பெயர் வைக்கின்றது. வண்டி நிறையப் பெண்கள் இருந்தும், அறத்தொடு நிற்பார் ஒருவர் இல்லை. இறுதியில், பேயோட்டும் இடத்தில் வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கின்றான். அவன் என்ன முடிவு செய்தான் என்பதைச் சொல்லாமலே படம் முடிகின்றது. தோழியின் இடத்தை இயக்குநர் காலியாக விட்டு, அதில் நம்மை நிற்கச் சொல்கின்றார். ‘முடிவு இல்லை’ என்று நான் சொன்னது இதைத்தான்!

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. படக்கொட்டகை இருட்டில் நாம் படத்துக்கு அடங்கி இருக்கின்றோம். வீட்டிலோ படம் நமக்கு அடங்கி இருக்கின்றது. நிறுத்தலாம், ஓட்டலாம், எழுந்து போகலாம். ஆகவே, வீட்டில் இருந்து வரும் ‘இழுவை’ சில வேளை படத்தைப் பற்றிய செய்தியாகவும், சில வேளை அந்த வீட்டைப் பற்றிய செய்தியாகவும் இருக்கும். கருத்துச் சொல்வோர், எங்கே, எப்படிப் பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. முழுதும் பாராதவர் அதை ஒப்புக்கொள்வது அதனினும் நேர்மை.

மூன்றாவதாக, நம் நாட்டுப் படம் ஒன்று. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-ஆம் ஆண்டு இறுதியில் திரைக்கு வந்த ‘ஜகாட்’, 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் பரிசு பெற்றது. தலைப்பு, கெட்டது என்று பொருள்படும் மலாய்ச் சொல் நம் பேச்சுத் தமிழில் புகுந்து பெற்ற வடிவம். இப்படத்தைப் பற்றி நான் கேட்ட கருத்துகளும் இரண்டு வகை. “நம்ம ஊர்ப் படம், ஆதரிக்க வேண்டும்” என்பது ஒன்று. “ஒரே கெட்ட வார்த்தை, பிள்ளைகளோடு பார்க்க முடியாது” என்பது மற்றொன்று. முன்னது இரக்கம், பின்னது முகச்சுளிப்பு. இரண்டும் படத்தின் உள்ளே நுழையவில்லை.

உள்ளே இருப்பது யாது? தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பம் ஒன்றின் கதை. காலம் 1990-களின் தொடக்கம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் குறும்பன்; கற்பனை மிக்கவன். தான் பட்ட பாடு மகன் படக்கூடாது என்று தந்தை மணியம் விரும்புகின்றார். அந்த அன்பு அடியாக மட்டுமே வெளிப்படுகின்றது. பள்ளியிலும் அவனுடைய அறிவுக்கு இடம் இல்லை. சிற்றப்பன்மாரில் ஒருவன் குண்டர் கும்பலில். மற்றொருவன் போதையில் அழிந்தவன். அப்போயைக் கும்பலின் உலகம் மதிக்கின்றது. வீடும் பள்ளியும் மதிக்கவில்லை. அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதை முன்கூட்டியே உணர்ந்தும், நம்மால் தடுக்க முடியவில்லை. ஆசிரியராகிய நமக்கு இப்படம் கசப்பதற்குக் காரணம் கெட்ட வார்த்தை மட்டுந்தானா? அப்போயின் வகுப்பில் ஆசிரியராக நாமே நிற்பதுபோல் தோன்றுவது காரணம் இல்லையா? “கெட்ட வார்த்தை” என்று கூறி விலகுவது, அக்கேள்வியிடமிருந்து தப்பும் வழியாகிவிடுகின்றது.

குறையும் கூறுவேன். தந்தையின் உள்ளம் நமக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்குத் தாயின் உள்ளம் தெரியவில்லை. அவள் பெரும்பாலும் அழுபவளாகவே நின்றுவிடுகின்றாள். உள்ளூர்ப் படம் என்பதற்காக இதை மறைப்பது ஆதரவு ஆகாது. குறையைச் சொல்லும் அளவுக்கு ஒரு படைப்பை உற்றுப் பார்ப்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

“ஓய்வுக்காகப் பார்க்கும் படத்திலும் இப்படிக் காரணம் தேடினால் மகிழ்ச்சி போய்விடாதா?” என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆய்வு செய்யவே படம் பாருங்கள் என்று யாரும் கூறவில்லை. பார்க்கும்பொழுது சிரியுங்கள்; அழுங்கள்; கைதட்டுங்கள். ஆயின், பார்த்தபின் பேசப்போகின்றோம் அல்லவா? எப்படியும் பேசுவதைச் சற்று நன்றாகப் பேசுவோம் என்பதே என் வேண்டுகோள். இளைய ஆசிரியை கேட்ட ஒரு கேள்வியால் என் மகிழ்ச்சி குறையவில்லை. இல்லாதிருந்த மகிழ்ச்சி கிடைத்தது.

நம்மிடம் பயிலும் மாணவன் “மொக்கை சார்” என்று சொல்லும்பொழுது அவனைக் கடிந்துகொள்ள வேண்டா. அந்தச் சொல்லைத் திருத்தவும் அவசரப்பட வேண்டா. “எந்த இடத்தில்?” என்று மட்டும் கேளுங்கள். அவன் விழிப்பான், பிறகு ஓர் இடத்தைச் சொல்வான். “அங்கே என்ன நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். மூன்றாவது வரிக்கு அவன் வரும்பொழுது ‘மொக்கை’ என்ற சொல் அவனுக்கே போதாமற் போய்விடும். வேறு சொல் தேடுவான். அந்தத் தேடலில்தான் மொழி வளர்கின்றது. கட்டுரைப் பயிற்சியில் நாம் எவ்வளவு முயன்றும் வராத ஒரு வாக்கியம், தான் பார்த்த படத்துக்காக வாதாடும்போது அவன் வாயிலிருந்து தானே வரும்.

அதற்கு முன், வரும் திங்கட்கிழமை, நம் ஆசிரியர் அறையிலிருந்தே தொடங்குவோம். முதல் மணி அடிப்பதற்குள் ஒரு கேள்விக்கு நேரம் இருக்கின்றது.